வீட்டுக்குள் ஆயுதம்: தொலைபேசியில் சொல்லப்படாத சொல்

இரவு பதினொரு மணி. ரொறன்ரோ மாநகரின் ஏதோவொரு தொடர்மாடிக் கட்டடத்தில் ஏதோவொரு வீடு. குளியலறைக் கதவை உட்புறமாகப் பூட்டிக்கொண்டு ஒரு பெண் 911 ஐ அழைக்கிறாள். மறுமுனையில் உள்ளவர் முகவரியைக் கேட்கிறார், சொல்கிறாள். என்ன நடந்தது என்று கேட்கிறார். கணவர் குடித்துவிட்டுச் சத்தம் போடுவதாகச் சொல்கிறாள். வீட்டில் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்கிறார். ஒரு கணம் தயங்கி, 'இல்லை' என்கிறாள். அவ்வேளையில் கதவுக்கு வெளியே, இறைச்சி வெட்டும் கத்தியுடன் அவன் நின்றுகொண்டிருக்கிறான்.

எந்தக் குடும்பத்தையும் மனதிற்கொண்டு இக்காட்சியை நாம் வரையவில்லை. ஆயினும் இதை வாசிப்போரிற் பலருக்கு இது புதிதாகத் தோன்றாது என்பதை நாம் அறிவோம். அடி தாங்க முடியாமற் பொலிஸாரை அழைக்கும் பெண்கூட, அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுகிறாள். அதைச் சொன்னால் அவருக்குத் தண்டனை கூடிவிடும், அகதிக் கோரிக்கை கெட்டுவிடும், துப்பாக்கி ஏந்தியவர்கள் வீட்டுக்குள் நுழைந்து பிள்ளைகளின் கண்முன்னே ஏதாவது செய்துவிடுவார்கள் என்ற அச்சங்கள் அவளது வாயை அடைக்கின்றன. சீருடை கண்டால் ஒதுங்கி நடக்கப் பழகிய மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். இந்த அச்சங்களை எவரும் எள்ளி நகையாட முடியாது. ஆனால் அந்தச் சொல் சொல்லப்படாதபோது என்ன நேர்கிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கனடாவின் அனுபவத்தைக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது ஆயுதம்?

ஆயுதம் என்றதும் எம்மவர் மனதில் தோன்றுவது துப்பாக்கியே. எமது வீடுகளிலோ துப்பாக்கி இருப்பது அரிது. ஆகவே 'ஆயுதம் இல்லை' என்று சொல்வது பொய்யல்ல என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர்.

கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை அவ்வாறு கருதவில்லை. ஒருவரைக் கொல்லவோ காயப்படுத்தவோ அச்சுறுத்தவோ பயன்படுத்தப்படும் அல்லது பயன்படுத்த எண்ணப்படும் எப்பொருளும் ஆயுதமே என்பது அதன் வரைவிலக்கணம். பொருளின் வடிவத்தை அல்ல, அதைக் கையில் எடுத்தவரின் செயலையும் எண்ணத்தையுமே சட்டம் பார்க்கிறது. தேங்காய் உடைக்கும் கத்தி, கிரிக்கெட் மட்டை, இடுப்புப் பட்டி, அடுப்பிற் கொதிக்கும் எண்ணெய் ஆகிய யாவும் அந்த வேளையில் ஆயுதங்களே. ஆயுதத்தால் அடிப்பது மட்டுமன்றி, தாக்கும்போது அதனைக் கையில் வைத்திருப்பதும் அதைக் காட்டி மிரட்டுவதும்கூட 'ஆயுதத்துடனான தாக்குதல்' என்ற தனிக் குற்றத்தில் அடங்கும். அதற்கான உச்சத் தண்டனை பத்து ஆண்டுச் சிறை.

அந்தச் சொல் என்ன செய்கிறது?

911 நிலையத்தில் அழைப்பை ஏற்பவர் எதிரே கணினி இருக்கிறது. அழைப்பவர் சொல்வது அங்கே எழுத்தாகி, வீதியில் இருக்கும் பொலிஸ் வாகனங்களுக்குச் செல்கிறது. வெறும் வாக்குவாதம் என்று பதிவாகும் அழைப்புக்கும், கத்தியோ துப்பாக்கியோ உண்டு என்று பதிவாகும் அழைப்புக்கும் முன்னுரிமை ஒன்றல்ல. குடும்ப வன்முறை அழைப்புக்குக் குறைந்தது இரு உத்தியோகத்தர்களேனும் செல்லவேண்டும் என்பதை ஒன்ராறியோவின் பொலிஸ் வழிகாட்டல்கள் நீண்ட காலமாக வலியுறுத்தி வந்துள்ளன. ஆயுதம் உண்டென்றால் மேலும் பலர் வருவர். துப்பாக்கியுடன் ஒருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால், ரொறன்ரோ போன்ற நகரங்களில் அதற்கென விசேட பயிற்சி பெற்ற பிரிவினர் வருவர். போகும் வழியிலேயே அந்த முகவரியிலிருந்து முன்னர் அழைப்பு வந்ததா, அந்நபரின் பெயரில் துப்பாக்கி உரிமமோ நீதிமன்றத் தடையோ உண்டா என்று பார்ப்பதற்கும் இச்சொல்லே தூண்டுகோலாகிறது.

எனவே அழைக்கும்போது முதலிற் சொல்லவேண்டியது முகவரி. கைத்தொலைபேசியில் அழைத்தால் நாம் நிற்கும் இடத்தை அண்ணளவாகவே அவர்களால் அறிய முடியும். பதினேழாம் மாடியா, ஏழாம் மாடியா என்பது தெரியாது. அடுத்தது ஆயுதம். ஆங்கிலம் வராதவர்கள் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொன்னாற் போதும். பெருநகரங்களின் 911 நிலையங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் வசதி உண்டு. பேச முடியாத நிலையிலும் இணைப்பைத் துண்டிக்காமல் விடுவது நன்று.

ஆயுதத்தைப் பற்றிச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இப்போது கையில் இருப்பதைக் கண்டீர்களா, எடுப்பேன் என்று அவர் மிரட்டியதைக் கேட்டீர்களா, வீட்டில் எங்கோ இருப்பதாக அறிவீர்களா என்ற மூன்றும் வேறு வேறானவை. இல்லாத ஆயுதத்தை உண்டென்று கூறிப் பொலிஸாரை ஏவுவது தானே ஒரு குற்றம். அது உயிராபத்தையும் விளைவிக்கலாம்.

அழைப்பு இடையில் அறுந்தாலும் சட்டம் கைவிடுவதில்லை. கனடிய உச்ச நீதிமன்றத்தின் 1999 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் 'கோடோய்' என்ற பெயரில் ரொறன்ரோ வழக்கொன்று பதிவாகியுள்ளது. அழைத்தவர் பேசுமுன்னரே 911 இணைப்பு துண்டிக்கப்பட்டது. பொலிஸார் சென்றபோது கதவைச் சிறிதளவு திறந்த ஆண், ஒரு பிரச்சினையும் இல்லை என்று கூறி மூட முயன்றார். உத்தியோகத்தர் காலை வைத்துத் தடுத்து உள்ளே நுழைந்தார். படுக்கையறையில் ஒரு பெண் உடலைச் சுருட்டியபடி அழுதுகொண்டிருந்தாள். கண்ணுக்கு மேல் வீங்கியிருந்தது. பிடியாணையின்றி நுழைந்தது சரியா என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 911 ஐ அழைத்தவர் பத்திரமாக இருக்கிறாரா என்பதை நேரிற் கண்டறிவதற்காக வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் பொலிஸாருக்கு உண்டு, ஆனால் அதற்குமேல் வீட்டைச் சோதனையிடும் அதிகாரத்தை அது தராது என்பதே தீர்ப்பின் சாரம். 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று கணவர் வாசலில் நின்று சொல்வது இறுதி வார்த்தையன்று என்பதை எம் பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

கதவு திறக்கும்போது

ஆயுதம் உண்டு என்று அறிந்து வரும் பொலிஸார் தம் துப்பாக்கியைக் கையில் எடுத்தபடியே வரக்கூடும். அவர்களுக்கு அந்த வீட்டில் யார் தாக்கியவர், யார் தாக்கப்பட்டவர் என்பது தெரியாது. தற்காப்புக்காகக் கத்தியை எடுத்திருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கைகள் தெரியும்படி நிற்கவேண்டும். அவர்களை நோக்கி ஓடக்கூடாது. பிள்ளைகள் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது உத்தமம். பொலிஸாரின் செயலால் எவரேனும் உயிரிழந்தால் அல்லது கடுங்காயமுற்றால், அதை விசாரிக்கும் பொறுப்பு ஒன்ராறியோவில் 1990 ஆம் ஆண்டு முதல் பொலிஸாரிடமிருந்து வேறான ஒரு விசேட விசாரணைப் பிரிவிடம் உள்ளது. அப்படியொரு பிரிவு தேவைப்பட்டது என்பதே, இவ்வச்சம் எமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகிறது.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. பல வீடுகளில் ஆங்கிலம் நன்கு பேசுபவர் கணவரே. அவர் அமைதியாக முந்திக்கொண்டு தன் கதையைச் சொல்கிறார். அவள் அழுதுகொண்டு தமிழிற் பேசுகிறாள். அவர் கையில் அவளது நகக்கீறல் இருக்கிறது. இதனால் அவள்மீதே குற்றம் பதிவாகவும் கூடும். முதன்மைத் தாக்குநர் யார் என்று ஆராயவேண்டும் என்பது பொலிஸ் பயிற்சியின் பாடமேயாயினும், மொழியில்லாத இடத்தில் அப்பாடம் தவறிவிடலாம். எனவே மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வாக்குமூலத்தை முடிக்கவேண்டாம் என்று கேளுங்கள். பிள்ளையையோ கணவரின் உறவினரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். பத்து வயது மகனின் வாயால் தகப்பனின் கத்தியைப் பற்றிச் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமையாகும்.

சிரித்த பாராளுமன்றம்

கனடா தொடக்கத்திலிருந்தே இவ்விடயத்தில் விழிப்புடன் இருந்த நாடு என்று நாம் எண்ணவேண்டியதில்லை. முன்னர் இங்கும் பொலிஸார் வந்து, 'கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்' என்று கணவருக்குப் புத்தி கூறிச் செல்வதே வழமை. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது அடிபட்டவளின் தலையில் விடப்பட்டது. ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரப் பொலிஸ்தான் 1981 இல், நியாயமான ஆதாரம் இருப்பின் உத்தியோகத்தரே குற்றம் பதியவேண்டும் என்ற கொள்கையைக் கனடாவில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1982 மே மாதத்தில், வன்கூவர் கிழக்குத் தொகுதி உறுப்பினர் மார்கரெட் மிச்சல் பாராளுமன்றத்தில் எழுந்து, பத்துக்கு ஒரு கணவர் மனைவியை அடிப்பதாக ஓர் அறிக்கை கூறுவதைச் சுட்டிக்காட்டினார். சபையில் இருந்த ஆண் உறுப்பினர்கள் சிலர் சிரித்தனர். அச்சிரிப்பு நாடெங்கும் எழுப்பிய சினம், அக்கொள்கை மற்றைய மாகாணங்களுக்கும் பரவத் துணைநின்றது.

இதனால் விளைந்த ஒன்றை எம்மவர் இன்றும் விளங்கிக்கொள்வதில்லை. 'நான் கேஸை வாபஸ் வாங்குகிறேன்' என்று மனைவி சொன்னால் வழக்கு நின்றுவிடாது. குற்றம் பதிபவர் பொலிஸ். வழக்கை நடத்துபவர் அரச வழக்குரைஞர். பிணையில் வந்தவர் மனைவியோடு தொடர்புகொள்ளக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அவளே அழைத்து வந்து சோறு போட்டாலும் நிபந்தனையை மீறியவர் அவராவார். பிணை நின்ற மச்சானும் சிக்கலுக்குள்ளாவார்.

சொல்லியும் கேளாத இடங்கள்

பெண்கள் சொல்லாமல் விட்டதால் மட்டும் உயிர்கள் போகவில்லை. சொல்லப்பட்டும், எழுதப்பட்டும், அதைக் கடைசிவரை எவரும் பின்தொடராததால் போன உயிர்களும் உண்டு.

1996 மார்ச் 8 ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, ஒன்ராறியோவின் கொலிங்வூட் நகரில் ஒரு பெண்ணைச் சுட்டுக்கொன்ற ஆண் தானும் மாண்டான். அவன் பிணையில் இருந்தவன். ஆயுதம் வைத்திருக்கலாகாது என்பது நிபந்தனை. ஆனால் துப்பாக்கி வாங்குவதற்கான சான்றிதழ் அவனிடமிருந்து பறிக்கப்படவில்லை. அதைக் காட்டியே அவன் துப்பாக்கியை வாங்கினான். மே–ஐல்ஸ் மரண விசாரணை என்று அறியப்படும் விசாரணை 1998 இல் 213 பரிந்துரைகளை வழங்கியது.

2015 செப்டெம்பர் 22 ஆம் திகதி, ஒட்டாவாவுக்கு மேற்கேயுள்ள ரென்ஃப்ரூ பகுதியில், தனக்கு முன்னர் பழக்கமான மூன்று பெண்களை ஒருவன் ஒரே காலையில் வெவ்வேறு இடங்களிற் கொன்றான். பெண்கள்மீதான வன்முறைக்காகச் சிறை சென்று மீண்டவன் அவன். ஆயுதத் தடைக்கும் உட்பட்டிருந்தவன். ஆயினும் அவனிடம் துப்பாக்கி இருந்தது. 2022 ஜூனில் நடந்த மரண விசாரணை 86 பரிந்துரைகளை வழங்கியது; துணைவர்களுக்கிடையிலான வன்முறையை ஒரு கொள்ளைநோயாகப் பிரகடனப்படுத்துமாறு கேட்டது அவற்றுள் ஒன்று.

2020 ஏப்ரல் 18 ஆம் திகதி இரவு நோவா ஸ்கோஷியாவின் போர்ட்டபிக் என்ற சிற்றூரில் ஒருவன் தன் துணைவியைத் தாக்கினான். அவள் தப்பிக் காட்டுக்குள் ஒளிந்தாள். அடுத்த நாட்பகலுக்குள் அவன் 22 பேரைக் கொன்றிருந்தான். அவன் துணைவியை அடிப்பதையும் சட்டவிரோதத் துப்பாக்கிகள் வைத்திருப்பதையும் 2013 இலேயே பொலிஸாரிடம் தெரிவித்ததாக, முன்னாள் அயலவர் ஒருவர் விசாரணை ஆணைக்குழுவிற் சாட்சியமளித்தார். 2023 மார்ச்சில் வெளியான அவ்வாணைக்குழுவின் அறிக்கை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைத் தனிப்பட்ட குடும்ப விவகாரமெனத் தள்ளிவிடும் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது.

இம்மூன்றிலும் கொலைக்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன. ஆயுதம் உண்மையிலேயே அகற்றப்பட்டதா என்று சென்று பார்க்கத்தான் ஆளில்லை. அமெரிக்காவின் பதினொரு நகரங்களில் ஜக்குலின் கம்பெல் தலைமையில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு, வன்முறையாளனின் கைக்குத் துப்பாக்கி எட்டும் நிலையில் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் உயர்வதாகக் காட்டியது.

ஆயுதத்தை அகற்றும் வழிகள்

ஒருவர் ஆயுதம் வைத்திருப்பது பிறரது பாதுகாப்புக்கு உகந்ததன்று என்று நம்ப நியாயமான காரணம் இருப்பின், பொலிஸார் பிடியாணை பெற்று அதனைக் கைப்பற்றலாம்; பிடியாணைக்குக் காத்திருக்க முடியாத அவசரத்தில் அதுவின்றியும் கைப்பற்றலாம். 2023 டிசெம்பரில் நிறைவேறிய சீ-21 சட்டத்தின்படி, பாதிக்கப்படும் பெண் மட்டுமன்றி எவரும் நீதிமன்றம் சென்று அவசர ஆயுதத் தடை கேட்கலாம். அதன் காலம் முப்பது நாட்கள் வரை. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் தற்போதைய துணைவரையும் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணைவரையும் விண்ணப்பத்திற் குறிப்பிடவேண்டும். அவர்கள் கையொப்பமிடாவிடின், உரிமம் வழங்குமுன் அவர்களுக்கு அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பு வரும்போது ஆட்சேபம் தெரிவிக்கத் தயங்கவேண்டாம்.

பொலிஸார் வந்து சென்ற பின்னரும் கேள்வி கேளுங்கள். கத்தியை எடுத்துச் சென்றீர்களா? உரிமம் பறிக்கப்பட்டதா? பிணை நிபந்தனையில் ஆயுதத் தடை உண்டா? முறைப்பாட்டு இலக்கம் என்ன? உத்தியோகத்தரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். கொலிங்வூட்டில் நிகழ்ந்தது இங்கு நிகழாதிருக்க இதுவும் ஒரு காவல்.

எமது அச்சங்கள்

'பொலிஸுக்கு அடிக்காதை பிள்ளை. அவன் உள்ளுக்குப் போனால் உன்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது?' என்று சொல்லும் மாமியை நாம் எல்லோரும் அறிவோம். அவர் கெட்டவரல்லர். அவரது கேள்விக்கு மழுப்பலின்றி விடை சொல்லவேண்டும்.

முதலாவது, பெண்ணின் அந்தஸ்து. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவள் கணவரைப் பிரிந்ததால் மட்டும் அதை இழப்பதில்லை. பொறுப்பேற்று அழைக்கப்பட்ட துணைவர்களுட் சிலர் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை 2012 இல் வந்தது. 2017 இல் அது நீக்கப்பட்டது. இன்னும் அந்தப் பயத்தில் வாழும் பெண்கள் உளர். கணவரோடு சேர்த்து அகதிக் கோரிக்கை வைத்தவள், தன் கோரிக்கையைத் தனியாகப் பிரித்து விசாரிக்குமாறு கேட்கலாம். பெண் என்ற காரணத்தால் நேரும் கொடுமைகளை அகதி விசாரணையிற் கவனிப்பதற்கு வழிகாட்டல்களை 1993 இலேயே வெளியிட்ட நாடு இது. நிரந்தர வதிவிடம் கிட்டாமல், துணைவரின் அந்தஸ்திலேயே தங்கியிருப்பவளுக்காகக் குடும்ப வன்முறைக்கான விசேட தற்காலிக வதிவிட அனுமதி 2019 ஜூலை முதல் வழங்கப்படுகிறது.

இரண்டாவது, கணவரின் நிலை. இங்கே நாம் ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாகாது. ஆயுதத்துடனான தாக்குதலுக்காகக் குற்றவாளியாகக் காணப்படும் ஒருவர் குடியுரிமை பெறாதவராயின், அவரது வதிவிட உரிமை பறிபோகக்கூடும். அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கூடுதற் பாதுகாப்பு உண்டெனினும் அது முழுமையானதன்று. குற்றவியல் சட்டத்தையும் குடிவரவுச் சட்டத்தையும் ஒருங்கே அறிந்த சட்டத்தரணியிடம் அவர் போகவேண்டும். ஆனால் அந்த விளைவைத் தேடிக்கொண்டது அவளது தொலைபேசி அழைப்பன்று. அவர் கையில் எடுத்த கத்தியே. நாடு கடத்தப்படுபவரேனும் எங்கோ உயிரோடு இருப்பார். கொல்லப்பட்டவளின் பிள்ளைகளுக்கோ தாய் மண்ணிலும் தகப்பன் சிறையிலுமாக இருவரும் இல்லாமற் போய்விடுவர்.

பொலிஸாரை அழைக்க அஞ்சுபவர்களும் அரச சட்ட உதவி நிலையத்தையோ, பெண்களுக்கான இருபத்துநான்கு மணிநேர உதவித் தொலைபேசிகளையோ நாடலாம். ஒன்ராறியோவில் அவ்வுதவியைப் பல மொழிகளிற் பெறமுடியும். குடும்ப வன்முறைக்குள்ளானவர்களுக்குச் சட்டத்தரணியின் இலவச ஆலோசனைக்கும் வழியுண்டு. ஆனால் கத்தி கையில் ஏறிவிட்ட வேளை ஆலோசனைக்குரிய வேளையன்று. அவ்வேளைக்குரியது 911 தான்.

இறுதியாக, சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தொடர்மாடிச் சுவர்கள் மெல்லியவை. அலறலைக் கேட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மறுநாள் மின்தூக்கியில் அந்தப் பெண்ணைக் கண்டு புன்னகைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அழைக்கும் உரிமை அடிபடுபவளுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வீட்டு இலக்கத்தைச் சொல்லுங்கள், கேட்டதைச் சொல்லுங்கள், கத்தியைக் கண்டிருந்தால், கண்டோம் என்று சொல்லுங்கள். குளியலறைக்குள் ஒளிந்திருப்பவளால் அதைச் சொல்ல முடியாமற் போயிருக்கலாம்.